ஹெபாரின்: ஒரு பெயர், மூன்று இயல்பு

சென்ற திங்கள் நம் சங்கக் கூட்டம் முடிந்து அன்பர்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், தேவிகுளம் வட்டத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்திருந்த அம்மையார் ஒருவர் நம்மை நிறுத்தி ஒரு வினா எழுப்பினார். அவருடைய கணவர் தொடையெலும்பு முறிந்து பல நாட்கள் படுக்கையில் இருந்தவர். ஒரு நாள் அவர் கால் வீங்கிற்று. காலின் ஆழ்ந்த சிரையில் இரத்தம் உறைந்துவிட்டது என்று மலையிலுள்ள மருத்துவமனையிற் கூறி, நாளைக்கு இரண்டு வேளை வயிற்றுத் தோலில் ஊசி போட்டனர். மூன்றாம் நாள், போடிமெட்டு வழியாக அவரைக் கீழே இறக்கி எல்லைக்கப்பால் மற்றொரு மருத்துவமனையிற் சேர்த்தனர். அங்கே வயிற்று ஊசி நிறுத்தப்பட்டது. கையிற் குழாய் பொருத்தி இடைவிடாமல் மருந்து செலுத்தினர். சில மணிக்கொரு தரம் இரத்தம் எடுத்துச் சோதித்தனர்.

"தம்பி, மேலே போட்டதும் ஹெபாரின் என்கிறார்கள், கீழே ஏற்றியதும் ஹெபாரின் என்கிறார்கள். ஒரே மருந்துக்கு இப்படி இரண்டு விதம் எதற்கு? யார் செய்தது தப்பு?" என்று அவர் கேட்டார்.

"அக்கா, இருவர் செய்ததும் தப்பாக இராது என்று தோன்றுகிறது. விசாரித்து நம் பத்திரிகையில் எழுதுகிறோம்" என்று கூறி அனுப்பினோம். நாம் மருத்துவர் அல்லோம். பள்ளியிறுதி வரை படித்து, இரயில்வேயில் கணக்கெழுதி வாழ்பவர். ஆயினும் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை, பிழையின்றிச் சொல்லக்கூடிய அளவுக்கு இங்கே சொல்ல முற்படுகிறோம். இம்மருந்தை இன்ன அளவு போடுக என்று சொல்வது நம் வேலையன்று, அது மருத்துவருடையது. அவர் கேட்கும் கேள்விக்குச் சரியான விடை கொடுக்க நம் மக்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதே நம் நோக்கம்.

முதலில், ஹெபாரின் என்பது யாது? 1916-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், ஜே மக்லீன் என்னும் மருத்துவ மாணவர், பேராசிரியர் வில்லியம் ஹாவெல் என்பவரின் கீழ் ஆராய்ந்து வந்தார். இரத்தத்தை உறைய வைக்கும் பொருளைத் தேடப் போன அவருக்கு, உறையாமல் தடுக்கும் பொருள் நாயின் கல்லீரலிற் கிடைத்தது. அவ்வாராய்ச்சியைத் தொடர்ந்த ஹாவெல், 1918-இல், கல்லீரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஹெபாரின் என்று பெயரிட்டார். பின்னர்க் கனடாவின் டொராண்டோ நகரில், இன்சுலினைக் கண்டவர்களுள் ஒருவரான சார்லஸ் பெஸ்டும் அவர் துணைவர்களும் அதனைத் தூய்மைப்படுத்தினர். சுவீடனில் எரிக் யோர்ப்பஸ் அதன் இரசாயன அமைப்பை ஆராய்ந்தார். 1930-களின் இடைப்பகுதியில் அது மனிதருக்குப் பயன்படலாயிற்று. இன்று உலகிற் பெரும்பாலும் பன்றிக்குடலின் உட்படலத்திலிருந்தே அதனை எடுக்கின்றனர். சமயம் பற்றி இதில் மனத்தடையுள்ளவர் மருத்துவரிடம் முன்னதாகவே சொல்லிவிடுதல் நன்று. மாற்று உண்டா என்பதை அவர் ஆய்ந்து கூறுவார்.

ஹெபாரின் ஏற்கெனவே உறைந்த கட்டியைக் கரைப்பதில்லை. பலர் அவ்வாறு எண்ணுகின்றனர், அது சரியன்று. கட்டி மேலும் வளராமலும் புதிய கட்டி தோன்றாமலும் அது தடுக்கிறது. உறைந்ததைக் கரைக்கும் வேலையை உடல் தானே மெல்ல மெல்லச் செய்துகொள்கிறது. அந்தத் தடுக்கும் வேலையைக்கூட ஹெபாரின் தனித்து நின்று செய்வதன்று. நம் இரத்தத்தில் ஆன்டித்ராம்பின் என்னும் புரதம் ஒன்று இயல்பாகவே இருக்கிறது. இரத்தம் அளவுக்கு மீறி உறையாமற் காப்பது அதன் தொழில். ஆனால் அது மிக மெதுவாக வேலை செய்யும். ஹெபாரின் அதனோடு ஒட்டிக்கொண்டதும் அதன் வேகம் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு பெருகுகிறது.

இனி விதங்களுக்கு வருவோம். ஹெபாரின் என்பது சர்க்கரைக் கூறுகள் வரிசையாகக் கோத்த ஒரு சங்கிலி. இயற்கையில் எடுத்தபடியே உள்ள ஹெபாரினில் நீண்ட சங்கிலியும் குறுஞ்சங்கிலியும் கலந்து கிடக்கும். அவற்றின் மூலக்கூற்று எடை ஏறக்குறைய 3,000 முதல் 30,000 வரை வேறுபடும். சராசரி 15,000 எனலாம். இதனைப் பகுக்கப்படாத ஹெபாரின் என்பர். நாம் எளிமைக்காக நெடுஞ்சங்கிலி ஹெபாரின் என்போம். அதனை இரசாயன முறையாலோ நொதியாலோ வெட்டிச் சிறிதாக்கினால் சராசரி எடை 4,000 முதல் 5,000 வரை ஆகிறது. இது குறுஞ்சங்கிலி ஹெபாரின். எனாக்ஸாபாரின், டால்டெபாரின் என்பன இவ்வகையின. மூன்றாவதாக, ஆன்டித்ராம்பினோடு ஒட்டுவதற்கு இன்றியமையாத ஐந்து சர்க்கரைக் கூறுகளை மட்டும் ஆராய்ச்சிக்கூடத்திற் செயற்கையாகக் கட்டி உண்டாக்கிய மருந்து ஒன்றுண்டு. அதன் பெயர் ஃபாண்டாபாரினக்ஸ். இது விலங்கிலிருந்து எடுக்கப்படுவதன்று. கண்டிப்பாகச் சொன்னால் இதனை ஹெபாரின் என்றலும் ஆகாது; ஹெபாரினின் உயிர்நிலையை மட்டும் எடுத்துச் செய்த உறவுமுறை மருந்து என்க.

சங்கிலியின் நீளத்தால் வேலை எங்ஙனம் மாறுகிறது? இரத்தத்தை உறைய வைப்பதில் இரண்டு காரணிகள் முக்கியமானவை. ஒன்று த்ராம்பின், மற்றொன்று பத்தாம் காரணி. த்ராம்பினை அடக்க வேண்டுமானால் ஹெபாரின் ஒரு கையால் ஆன்டித்ராம்பினையும் மறு கையால் த்ராம்பினையும் பற்ற வேண்டும். அதற்குக் குறைந்தது 18 சர்க்கரைக் கூறுகளாவது நீளம் தேவை. பத்தாம் காரணியை அடக்கவோ அந்த ஐந்து கூறுகளே போதும். எனவே நெடுஞ்சங்கிலி இரண்டையும் ஒருசேர அடக்கும். குறுஞ்சங்கிலி பெரும்பாலும் பத்தாம் காரணியை அடக்கும். த்ராம்பினைச் சிறிதே அடக்கும். ஐந்து கூற்று மருந்து பத்தாம் காரணியை மட்டுமே அடக்கும்.

உடலினுள் அவை நடந்துகொள்ளும் விதத்திலேதான் பெரிய வேறுபாடு இருக்கிறது. நெடுஞ்சங்கிலி ஹெபாரின் கண்டதையெல்லாம் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. இரத்தத்திலுள்ள பல புரதங்கள், இரத்தக் குழாயின் உட்சுவர், சில வெள்ளணுக்கள் ஆகிய யாவும் அதனைப் பிடித்து நிறுத்திக்கொள்கின்றன. நமக்குப் பழகிய சரக்கு வண்டியைக் கொண்டே இதனை விளக்கலாம். வழியிலுள்ள சைடிங்குகள் காலியாக இருக்கும்போது ஒவ்வொரு நிலையத்திலும் இரண்டு வாகன்களைக் கழற்றி விட்டுவிடுகின்றனர். முடிவிடத்தை அடைவன சிலவே. சைடிங்குகள் நிரம்பிவிட்டாலோ, பின்னர் வரும் வண்டி முழுமையாகப் போய்ச் சேரும். அதே போலக் குறைந்த அளவு ஹெபாரினை உடல் விரைவில் பிடித்து ஒழித்துவிடுகிறது. அளவு கூடினால் ஒழிக்கும் இடங்கள் நிரம்பி, மருந்து இரத்தத்தில் நீண்ட நேரம் தங்குகிறது. உடல் எடையில் கிலோவுக்கு 25 யூனிட் சிரையிற் கொடுத்தால் சுமார் 30 நிமிடத்தில் பாதியாகக் குறைகிறது. 100 யூனிட்டானால் சுமார் 60 நிமிடம். 400 யூனிட்டானால் சுமார் 150 நிமிடம். அஃதாவது, அளவை இரட்டித்தால் பயனும் இரட்டிக்கும் என்று கணக்குப் போட இயலாது.

அதுமட்டுமன்று. ஒட்டிக்கொள்ளும் புரதங்கள் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒரே ஆளிடத்தும் நோயுற்ற காலத்தில் கூடும். ஆகவே ஒரே எடையுள்ள இருவருக்கு ஒரே அளவு கொடுத்தாலும் ஒருவருக்கு இரத்தம் போதிய அளவு தடுக்கப்படாமலும், மற்றவருக்கு மிகுதியாகத் தடுக்கப்பட்டு இரத்தக்கசிவு நேருமாறும் ஆகலாம். இதனாலேயே ஏ.பி.டி.டி. என்னும் சோதனையை அடிக்கடி செய்கின்றனர். இரத்தம் உறைய ஆகும் நேரம் இயல்பைக் காட்டிலும் ஒன்றரை முதல் இரண்டரை மடங்கு வரை இருக்குமாறு மருந்தைக் கூட்டியும் குறைத்தும் சரிப்படுத்துகின்றனர். அம்மையாரின் கணவரிடம் அடிக்கடி இரத்தம் எடுத்ததன் காரணம் இதுவே.

குறுஞ்சங்கிலி ஹெபாரின் இவ்வாறு ஒட்டிக்கொள்வது மிகக் குறைவு. தோலடியிற் போட்டால் ஏறத்தாழ 90 சதவீதம் இரத்தத்தைச் சென்றடைகிறது. நெடுஞ்சங்கிலியைத் தோலடியிற் போட்டால் இதில் பெரும்பகுதி வீணாகும். போட்ட நான்கைந்து மணி நேரத்தில் குறுஞ்சங்கிலியின் வேலை பாதியாகக் குறைகிறது. ஆகவே நாளைக்கு ஒரு முறையோ இரு முறையோ போட்டாற் போதும். நோயாளியின் எடையை அறிந்தால் அளவை முன்கூட்டியே கணிக்கலாம். பெரும்பாலோர்க்கு இரத்தச் சோதனை தேவைப்படுவதில்லை. வீட்டிலிருந்தபடியே போட்டுக்கொள்ளவும் இயலும். இருப்புப்பாதையே இல்லாத இடுக்கி மாவட்டத்தில், பேருந்துக்குப் பல நாழிகை காத்திருக்கும் லயத்து மக்களுக்கு இது எத்துணைப் பெரிய வசதி என்பதை நாம் விளக்க வேண்டுவதில்லை.

ஆனால் வசதிக்கு ஒரு விலை உண்டு. குறுஞ்சங்கிலி ஹெபாரின் பெரும்பாலும் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுகிறது. சிறுநீரகம் தளர்ந்தவரிடம் அது வெளியேறாமல் தேங்கும். ஒவ்வோர் ஊசியும் முந்தியதன் மேல் ஏறி நிற்கும். முடிவில் இரத்தக்கசிவு நேரும். ஆதலின் அத்தகையோர்க்கு அளவைக் குறைப்பர், அல்லது நெடுஞ்சங்கிலிக்கு மாற்றுவர். நெடுஞ்சங்கிலியை ஒழிக்கும் வேலையைப் பெரும்பாலும் இரத்தக்குழாய்ச் சுவரும் அணுக்களுமே செய்வதால், சிறுநீரகத்தை அது அவ்வளவாக எதிர்பார்ப்பதில்லை. டயாலிசிஸ் இயந்திரத்தில் இரத்தம் உறையாதிருக்கப் பல இடங்களில் அதனையே பயன்படுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். அம்மையாரிடம் மீண்டும் தொலைபேசியிற் கேட்டோம். கீழே சென்றதும் எடுத்த இரத்தச் சோதனையில் அவருடைய கணவருக்குச் சிறுநீரகம் தளர்ந்திருப்பது தெரியவந்ததாம். வயிற்று ஊசி நின்று குழாய் ஏறிய காரணம் இப்போது விளங்கும். மேலே செய்ததும் தப்பன்று. கீழே மாற்றியதும் தப்பன்று.

ஃபாண்டாபாரினக்ஸ் இன்னும் நீண்ட நேரம் நிற்கும். பாதியாகக் குறைய 17 முதல் 21 மணி நேரம் ஆகும். நாளைக்கு ஓர் ஊசி போதும். அதுவும் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவதால், சிறுநீரகம் மிகத் தளர்ந்தவர்க்கு ஆகாது.

மருந்தை நிறுத்த வேண்டிய அவசரம் நேர்ந்தால் என் செய்வது? இங்கேயும் மூன்றும் மூன்று விதம். புரோட்டமின் என்னும் முறிமருந்து நெடுஞ்சங்கிலியின் வேலையை முழுவதும் நீக்கிவிடும். குறுஞ்சங்கிலியின் வேலையில் ஏறத்தாழ 60 சதவீதத்தையே நீக்கும். ஐந்து கூற்று மருந்தின்மேல் அது வேலை செய்யாது. அறுவைச் சிகிச்சைக்கு முன்னர் நெடுஞ்சங்கிலிச் செலுத்தத்தை நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு முன் நிறுத்தினாற் போதும். குறுஞ்சங்கிலியைச் சிகிச்சை அளவிற் போட்டிருந்தால் 24 மணி நேரம் பொறுக்க வேண்டும். ஃபாண்டாபாரினக்ஸ் ஆனால் நாட்கணக்கில் ஆகும். முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்யும் முறைக்கு இக்கணக்கு மிக முக்கியம். கணக்குத் தவறினால் முதுகெலும்பினுள் இரத்தம் கட்டிக் கால்கள் செயலிழக்கவும் கூடும்.

இங்கேதான் எல்லையோரத்தில் வாழும் நம்மவர்க்கு உரிய அபாயம் இருக்கிறது. அம்மையார் சொன்ன மற்றொரு செய்தியை இதுவரை நாம் எழுதவில்லை. கீழே உள்ள மருத்துவர் முதலிற் கேட்டது, "எந்த ஹெபாரின்? எத்தனை அளவு? கடைசி ஊசி எத்தனை மணிக்கு?" என்பதே. மேலிருந்து கொண்டுவந்த சீட்டிலோ "ஹெபாரின் கொடுக்கப்பட்டது" என்ற ஒரு வரியே இருந்தது. அம்மையாருக்கு விடை தெரியவில்லை. உடன் சென்ற மைத்துனர், "காலையில் போட்டார்கள்" என்றார். மகன், "இல்லை, நேற்று இரவு" என்றான். மலைக்குத் தொலைபேசியிற் கேட்டு உண்மை அறிய ஒன்றரை மணி நேரம் சென்றது. குறுஞ்சங்கிலி ஊசியின் வேலை நீங்குமுன் நெடுஞ்சங்கிலியையும் முழு அளவில் ஏற்றினால் இரண்டும் சேர்ந்து இரத்தக்கசிவை உண்டாக்கும். மிகவும் தாமதித்தாலோ, காலிலுள்ள கட்டி பெருகி நுரையீரலுக்குச் செல்லும். இரண்டும் உயிருக்கு ஊறு செய்வன. ஆகவே அடுத்த ஊசி போடவேண்டியிருந்த வேளையை ஒட்டியே புதிய மருந்தைத் தொடங்குவர். அந்த வேளையை அறியாத மருத்துவர் எவ்வளவு கெட்டிக்காரராயினும் கை கட்டப்பட்டவரே.

அளவைச் சொல்வதிலும் குழப்பம் உண்டு. நெடுஞ்சங்கிலியை யூனிட் கணக்கில் அளப்பர். எனாக்ஸாபாரினை நம் நாட்டில் மில்லிகிராமில் எழுதுவர். டால்டெபாரினை மீண்டும் யூனிட்டில் எழுதுவர். ஒன்றின் யூனிட்டு மற்றதன் யூனிட்டுக்குச் சமமன்று. குறுஞ்சங்கிலிகளுள்ளும் ஒன்றை மற்றொன்றின் அளவில் மாற்றிப் போடலாகாது. கடைகளில் கிளெக்ஸேன், ஃபிராக்மின் முதலிய வணிகப் பெயர்கள் வேறு. பாலக்காட்டில் ஒரு பெயரில் வாங்கியது வாளையாறு தாண்டிக் கோயம்புத்தூரில் மற்றொரு பெயரிற் கிடைக்கலாம். ஆதலின் வணிகப் பெயரோடு மருந்தின் உண்மைப் பெயரையும் எழுதி வாங்க வேண்டும்.

மற்றும் ஒரு காரியத்தை மறத்தலாகாது. ஹெபாரின் தொடங்கி ஐந்து முதல் பத்து நாட்களுக்குள் சிலருக்கு இரத்தத் தட்டணுக்கள் பாதிக்கு மேல் குறைந்துவிடும். தட்டணு குறைந்தால் இரத்தம் கசியும் என்றுதான் எவரும் நினைப்பர். இங்கே அதற்கு மாறாக, புதிய இடங்களில் இரத்தம் உறையத் தொடங்கும். நெடுஞ்சங்கிலியில் இது மிகுதி, குறுஞ்சங்கிலியில் குறைவு. இவ்வாறு ஒரு முறை நேர்ந்தவர் அதனை வாழ்நாள் முழுதும் எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் முதலிற் சொல்ல வேண்டும்.

இவையெல்லாம் நமக்கு எதற்கு என்று ஒருவர் கருதலாம். 1990 டிசம்பரில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில், டாக்டர் எம். எஸ். வலியத்தான் குழுவினர் உருவாக்கிய இதய வால்வு முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அது தொடங்கி எளிய குடும்பத்தார் பலர் செயற்கை வால்வோடு வாழ்கின்றனர். அவர்கள் வாழ்நாள் முழுதும் இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை உண்பவர்கள். பல்லோ வயிறோ அறுவைக்கு வரும்போது மாத்திரையை நிறுத்தி இடையில் ஹெபாரின் கொடுக்க நேரலாம். வால்வு பொருத்திய பெண் கருவுற்றால், வார்ஃபரின் மாத்திரை நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவுக்குத் தீங்கு செய்யக்கூடும். ஹெபாரின் இருவகையும் அவ்வாறு கடப்பதில்லை. இவர்களும், டயாலிசிஸுக்குச் செல்வோரும், எலும்பு முறிந்து கிடப்போரும் நம் சங்கத்துக் குடும்பங்களில் இல்லாமலில்லை.

ஆகவே நாம் வேண்டிக்கொள்வது ஒன்றே. ஹெபாரின் எந்த வடிவிற் கொடுக்கப்பட்டாலும், ஒரு சிறு நோட்டில் ஐந்து செய்திகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: மருந்தின் உண்மைப் பெயர், அளவு, யூனிட்டா மில்லிகிராமா என்பதுடன், கடைசி ஊசியின் தேதியும் மணியும், நோயாளியின் எடை, சிறுநீரகச் சோதனை, தட்டணுச் சோதனை ஆகியவற்றின் கடைசி முடிவு. எழுதத் தெரியாதவர் நர்ஸ் அம்மையாரிடமே எழுதித் தரும்படி கேட்கலாம், கேட்பதில் குறைவில்லை. மருந்து நடக்கும் காலத்தில் மருத்துவரைக் கேளாமல் ஆஸ்பிரின் முதலிய வலி மாத்திரைகளை உண்ண வேண்டா. வயிற்றில் ஊசி போட்ட இடத்தைத் தேய்க்க வேண்டா. மலம் கருத்துப் போனாலும், சிறுநீர் சிவந்தாலும், கடுந்தலைவலி வந்தாலும் மறுநாள் பார்க்கலாம் என்று தாமதிக்க வேண்டா.

அம்மையாரின் கணவர் இப்போது கைத்தடியோடு நடக்கிறார் என்று அறிந்து மகிழ்கிறோம். இதனை எழுதுமுன் அவரோடு பேசியபோது, "தம்பி, இப்போது என் முந்தானையில் சில்லறையோடு ஒரு சீட்டும் முடிந்து வைத்திருக்கிறேன்" என்றார். எல்லையின் இரு புறமும் வாழும் நம் தாய்மார் யாவரும் அங்ஙனமே வைத்திருப்பார்களாக. வார்ஃபரின் மாத்திரை உண்போர் உணவில் கவனிக்க வேண்டுவன பற்றி அடுத்த இதழில் எழுதுவோம்.